முப்பது சென்டிமீட்டர்

ஜூலை 4

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் வாயாடி நாத்தனார் எழுதுகிறேன். போனில் பேசினால் நான் குறுக்கே குறுக்கே பேசுகிறேன் என்று நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தில் அது நடக்காது, முழுசாகக் கேட்டே ஆக வேண்டும். அண்ணன் எப்படி? போன மாதம் நாலு முறை கூப்பிட்டேன், எடுக்கவே இல்லை. தங்கச்சி என்று ஒருத்தி உயிரோடு இருக்கிறாள் என்று ஞாபகப்படுத்துங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரியில் ஒரு புது வகுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. கட்டடத்தை வரைகிறவர்கள், தூணுக்கும் உத்தரத்துக்கும் கணக்குப் போடுகிறவர்கள், தண்ணீர், குளிர்காற்று, மின்சாரம் என்று குழாய் பார்க்கிறவர்கள், இந்த மூன்று துறைப் பிள்ளைகள் நாற்பது பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்து ஒரே கட்டடத்தைக் கம்ப்யூட்டரில் கட்டவைக்க வேண்டும். வெறும் கோடு போட்ட படம் இல்லை அண்ணி. சுவருக்குத் தடிமன் இருக்கும், குழாய்க்கு வளைவு இருக்கும், நிஜக் கட்டடம் மாதிரியே சுற்றிப் பார்க்கலாம். மூன்று கூட்டமும் தனித்தனியாக மாடல் செய்து ஒன்றின் மேல் ஒன்று வைத்தால், எந்தக் குழாய் எந்த உத்தரத்தில் இடிக்கிறது என்று கம்ப்யூட்டரே பட்டியல் கொடுத்துவிடும். மோதல் பட்டியல் என்று சொல்கிறோம். ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குப் படம் போட்டபோது நீங்களும் நானும் இரண்டு தாளை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வெயிலில் பார்ப்போமே, அதே வேலைதான்.

வரைகிற பக்கத்துக்கு நான் இருக்கிறேன். தூண் பக்கத்துக்கு ஒரு சார் இருக்கிறார், தங்கமான மனுஷன், ஆனால் நாளைக்கு மூன்று வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். குழாய்ப் பக்கத்துக்குத்தான் யாரும் இல்லை. அக்டோபரில் மூன்று பேர் கொண்ட குழு வந்து பார்த்து, வகுப்பு தொடரலாமா, மூடிவிடலாமா என்று முடிவு செய்யப்போகிறது.

நீங்கள் வர வேண்டும் அண்ணி. படிப்பு முடித்துவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்த எனக்கு உங்கள் கட்டட வரைபட ஆபீசில் வேலை வாங்கிக் கொடுத்ததே நீங்கள்தான். இன்று நான் சாப்பிடுகிற சாப்பாடு உங்கள் தயவு. இன்னும் ஒரு தயவும் செய்துவிடுங்கள்.

உங்கள்
வாயாடி


ஜூலை 15

வாயாடிக்கு,

லெட்டர் வந்துச்சு. நான் பேசற மாதிரியே எழுதறேன், இலக்கணம் எல்லாம் பார்க்காதே. உங்கண்ணன் நல்லா இருக்காரு. போனை எங்க வச்சோம்னு தேடறதே அவருக்குப் பாதி நாள் வேலை.

வரமாட்டேன். கோவிச்சுக்காதே.

ஆஸ்பத்திரித் தப்பை விசாரிச்ச அந்த மீட்டிங்ல நீயும்தான் இருந்த. வராந்தாவுல என் காத்துக்குழாயை மறைக்கக் கூரை அவ்வளவு தாழ வந்து, ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கிட்டுப் போனா சலைன் கம்பி இடிச்சுது. மாடி உயரம் முந்நூத்தி அறுபது சென்டிமீட்டர்னு படத்துல தெளிவா இருக்கு. நான் முந்நூத்தித் தொண்ணூறுனு எடுத்துக்கிட்டுக் காத்துக்குழாய் போட்டிருந்தேன். எட்டு வருஷம் ஆச்சு, இன்னும் எனக்கு நம்பவே முடியல. முழுசா ஒரு அடி! ஒரு அடியைச் சரியாப் படிக்கத் தெரியாதவ, பிள்ளைங்களுக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுக்கறது?

நான் பாட்டுக்குத் திரைத்துணிக் கடையில நிம்மதியா இருக்கேன். வீடு வீடாப் போய் ஜன்னல் அளவு எடுக்கறேன். தப்பாப் போனா துணிதான் வீணாகும், யார் மண்டையும் உடையாது.

ஆனா சந்தேகம்னா எழுது, தெரிஞ்சதைச் சொல்றேன். இப்போதைக்கு ஒண்ணு சொல்றேன். முதல் ரெண்டு வாரம் எல்லாரையும் வேலை மாத்திவிடு. வரையறவங்க குழாய் போடட்டும், குழாய்க்காரங்க தூண் நிறுத்தட்டும். அடுத்தவன் வேலையில கை சுட்டாத்தான் அவன் சொல்றது காதுல ஏறும்.

குளிக்காம காலேஜுக்கு ஓடற பழக்கம் போயிடுச்சா?

அண்ணி


ஆகஸ்ட் 20

அன்புள்ள அண்ணிக்கு,

நான் குளித்துவிட்டுத்தான் போகிறேன். பெரும்பாலும்.

உங்கள் யோசனைக்கு ஆயிரம் கும்பிடு. வகுப்பு முதல் வாரம் எப்படி இருந்தது தெரியுமா? வரைகிற கூட்டம் ஜன்னல் பக்கம், தூண் கூட்டம் கதவுப் பக்கம், குழாய்க் கூட்டம் நடுவில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு. "உங்க குழாயை வேற எங்கேயாவது கொண்டுபோங்க", "தூணை நகர்த்துங்க, அசிங்கமா இருக்கு" என்று ஒரே ரகளை. நெட்டை என்று நாங்கள் கூப்பிடும் பெண் ஒருத்தி தூண் கூட்டத்தில் இருக்கிறாள். "அழகா இருக்குன்னு கட்டடம் நிக்குமா? எங்க தூண் இல்லாம நிறுத்திக் காட்டுங்க பார்ப்போம்" என்று மேஜையைத் தட்டிவிட்டாள்.

அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது. மறுநாளே வேலை மாற்றிவிட்டேன். நெட்டை ஒரே ஒரு கழிவுநீர்க் குழாயைக் கீழ்த்தளம் வரை கொண்டுபோக நாலு நாள் படாத பாடு பட்டாள். சரிவு வைத்தால் கூரை இறங்குகிறது, சரிவு இல்லாவிட்டால் தண்ணீர் நிற்கிறது. ஐந்தாம் நாள் குழாய்க் கூட்டத்திடம் போய், "இத்தனை நாளா இதையா பண்ணிக்கிட்டிருந்தீங்க? யாருமே சொல்லலையே" என்றாள். "நாங்க சொன்னோம், நீதான் மேஜையைத் தட்டின" என்றார்கள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள், அவளும்தான்.

இப்போது ஒரு விதி வைத்திருக்கிறேன். யார் எதை மாற்றினாலும், சேமிப்பதற்கு முன்னால் எழுந்து நின்று "மாத்தறேன்!" என்று சத்தம்போட வேண்டும். எதை, எவ்வளவு, ஏன் என்று மற்ற இரண்டு கூட்டத்துக்கும் சொல்ல வேண்டும். யார் எப்போது மாற்றினார்கள் என்பதைக் கம்ப்யூட்டர் தானே குறித்துக்கொள்கிறதே, எதற்குக் கத்த வேண்டும் என்று கேட்டார்கள். குறிப்பை யாரும் படிக்கமாட்டார்கள், சத்தம் காதில் விழுந்தே தீரும் என்றேன். வகுப்பு இப்போது சந்தைக்கடைதான். பக்கத்து வகுப்பு சார் இரண்டு முறை வந்து முறைத்துவிட்டுப் போய்விட்டார்.

நீங்கள் இங்கே இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தினமும் நினைக்கிறேன்.

உங்கள்
வாயாடி


ஆகஸ்ட் 31

வாயாடிக்கு,

நெட்டை கதையை உங்கண்ணன்கிட்ட படிச்சுக் காட்டினேன். சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறிடுச்சு அவருக்கு.

அந்த "மாத்தறேன்" விதி பிரமாதம்டி. நம்ம காலத்துல இப்படி ஒண்ணு யாருக்குமே தோணலையே. உனக்கு எப்படித் தோணுச்சு? நிஜமாவே பெருமையா இருக்கு. உன்னை அந்த ஆபீசுல சேர்த்துவிட்டது ஒண்ணுதான் அங்கே நான் தப்பில்லாம செஞ்ச வேலை.

உடம்பைப் பார்த்துக்கோ.

அண்ணி


செப்டம்பர் 26

அன்புள்ள அண்ணிக்கு,

பூஜ்யம்! நேற்று மூன்று மாடலையும் சேர்த்து மோதல் பட்டியல் எடுத்தோம். ஒரு மோதல்கூட இல்லை. திரும்ப எடுத்தோம், அப்போதும் பூஜ்யம். பிள்ளைகள் மேஜைமேல் ஏறிக் குதித்தார்கள். மூன்று வார்த்தை சார் "ரொம்ப ரொம்ப நல்லது" என்று அன்றைய கணக்கை முடித்துக்கொண்டார். எல்லோருக்கும் டீயும் கேக்கும் நான் வாங்கிக் கொடுத்தேன்.

அறிக்கையைக் குழுவுக்கு அனுப்பியாயிற்று. முதல் வருஷத்திலேயே இப்படி ஒரு முடிவு எங்கேயும் வந்திருக்காது என்று துறைத் தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் நன்றி. இது உங்கள் பூஜ்யம்.

ஆனந்தத்தில்
வாயாடி


அக்டோபர் 1

வாயாடிக்கு,

இதைப் படிச்சதும் உட்கார்ந்துக்கோ.

நாப்பது பிள்ளைங்க, மூணு மாசம் பழகினவங்க, முழுக் கட்டடம் ஒண்ணு. ஒரு மோதல்கூட இல்லையா? இருபது வருஷம் அனுபவம் உள்ளவங்க செஞ்சாலும் நூறாவது வரும். எங்களுக்குள்ள சண்டையே இல்லைன்னு சொல்ற குடும்பத்தைப் போய்ப் பாரு, ஆளுக்கொரு ஊர்ல இருப்பாங்க.

மூணு மாடலும் எந்தப் புள்ளியில ஆரம்பிக்குதுன்னு பார்த்தியா? ஒண்ணு மேல ஒண்ணு நிஜமாவே உட்கார்ந்திருக்கா? தொடாத ரெண்டு பொருள் எப்படி இடிக்கும்?

நான் சொல்றது தப்பா இருந்தா ரொம்பச் சந்தோஷப்படுவேன்.

அண்ணி


அக்டோபர் 12

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் சொன்னது சரி. அப்படியே சரி.

வரைகிற கூட்டம் மனையின் மூலையிலிருந்து ஆரம்பித்திருந்தது. தூண் கூட்டம் முதல் தூணிலிருந்து. குழாய்க் கூட்டம் சாலையோர அளவைக் கல்லிலிருந்து. வரைகிற கூட்டத்தின் மாடலிலேயே பேருக்குத் தூண்களும் வரைந்திருந்ததால் திரையில் எல்லாம் சேர்ந்துவிட்ட மாதிரி தெரிந்திருக்கிறது. தூரத் தள்ளிப் பார்த்தால், ஒரு கட்டடம் இங்கே, தூண்கள் மட்டும் அந்தரத்தில் அங்கே, குழாய்கள் இன்னொரு தெருவில். மூன்றையும் ஒரே புள்ளிக்குக் கொண்டுவந்து, பிள்ளைகள் முன்னாலேயே பட்டியல் எடுத்தேன். நானூற்றுப் பன்னிரண்டு மோதல்கள். நான் வாங்கிக் கொடுத்த கேக்கை நினைத்தால் அவமானம் பிடுங்கித் தின்கிறது.

குழு வருவதற்கு இரண்டு நாள் இருந்தது. துறைத் தலைவரிடம் சொன்னேன். "விட்டுடுங்க மேடம். அவங்க யாரு மாடலைத் திறந்து பார்க்கப்போறாங்க? வகுப்பு பிழைச்சுக்கட்டும், அப்புறமா சரிபண்ணிக்கலாம்" என்றார். கெட்ட மனிதர் இல்லை, வகுப்பைக் காப்பாற்றத்தான் சொன்னார். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

குழு வந்தது. அதில் ஒருவர் பூஜ்யத்தைப் பாராட்டிப் பேச ஆரம்பித்தார். பிள்ளைகள் நாற்பது பேரும் என்னைப் பார்க்கிறார்கள், அவர்களுக்கு உண்மை தெரியும். அந்த நாற்காலியில் அப்படி நான் ஏற்கெனவே ஒருமுறை உட்கார்ந்திருக்கிறேன் அண்ணி. எழுந்துவிட்டேன். "மன்னிக்கணும், அந்த அறிக்கை தப்பு. மோதல் நானூத்திப் பன்னிரண்டு. நான் சரிபார்க்கலை" என்றேன். மூன்று மாடலும் எங்கெங்கே நின்றன என்று நெட்டை திரையில் காட்டினாள். யோசித்துச் சொல்கிறோம் என்று போயிருக்கிறார்கள்.

இப்போது மற்றதைச் சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தை நாலு முறை கிழித்துப்போட்டேன்.

ஆஸ்பத்திரி மாடி உயரத்தை நீங்கள் தப்பாகப் படிக்கவில்லை. முந்நூற்றுத் தொண்ணூறு என்றுதான் இருந்தது. நான்தான் மாற்றினேன். கட்டடத்தின் மொத்த உயரம் அனுமதித்த அளவைத் தாண்டுகிறது, குறைக்க வேண்டும் என்று உரிமையாளர் கேட்டார். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொரு மாடியிலும் முப்பது சென்டிமீட்டர் குறைத்தேன். குறைத்துவிட்டு அதே பெயரில், அதே எண்ணில், பழைய படத்தின் மேலேயே சேமித்துவிட்டேன். தேதிகூட மாற்றவில்லை. திங்கட்கிழமை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். மறந்துபோனேன். அதற்குள் நீங்கள் பழைய அளவில் காற்றுக்குழாயை முடித்து அனுப்பிவிட்டீர்கள்.

மீட்டிங்கில் ஆபீஸ் பெரியவர் படத்தைத் திரையில் போட்டு, "முந்நூத்தி அறுபதுன்னு இருக்கே, எப்படிம்மா தொண்ணூறுன்னு எடுத்தீங்க?" என்று கேட்டாரே, அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. நீங்கள் திரையையே பார்த்தீர்கள். ரொம்ப நேரம் பார்த்தீர்கள். அப்புறம், "நான் சரியாப் பார்க்கலை போல சார்" என்றீர்கள். நான் உங்களுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, துரத்திவிடுவார்களே என்று பயம். ஒரு வாரம் போகட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அந்த வாரத்திலேயே நீங்கள் வேலையை விட்டுவிட்டீர்கள். அதற்குப் பிறகு நாளாக ஆகச் சொல்ல வாய் வரவில்லை.

அந்த விதி எப்படித் தோன்றியது என்று கேட்டீர்களே. இப்படித்தான்.

மன்னித்துவிடுங்கள் என்று கேட்க எனக்கு அருகதை இல்லை. உண்மை உங்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அண்ணனிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம்.

நாத்தனார்


நவம்பர் 16

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் கேட்டு எழுதவில்லை. செய்தி மட்டும் சொல்கிறேன்.

குழுவின் முடிவு வந்துவிட்டது. இன்னும் ஒரு வருஷம் நடத்தலாமாம். தன் தப்பைத் தானே திரையில் காட்டிய வகுப்பை மூட மனசு வரவில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆனால் ஒரு நிபந்தனை. ஜனவரி முடிவதற்குள் குழாய்ப் பக்கத்துக்கு ஒரு ஆசிரியர் வேண்டும், இல்லாவிட்டால் மூடிவிடுவார்கள். விளம்பரம் கொடுத்திருக்கிறோம், இதுவரை ஒருவரும் வரவில்லை.

பிள்ளைகள் நானூற்றுப் பன்னிரண்டை முப்பத்தேழுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். உங்கள் அக்டோபர் கடிதம் இல்லாவிட்டால் அவர்கள் ஒரு பொய்யோடு வெளியே போயிருப்பார்கள். அதற்கு அவர்கள் சார்பில் நன்றி. நீங்கள் இனிமேல் என்னோடு பேசாவிட்டாலும் இந்த நன்றி நன்றிதான்.

நாத்தனார்


டிசம்பர் 8

வாயாடிக்கு,

உன் அக்டோபர் லெட்டரைக் கடையில நின்னுக்கிட்டே படிச்சேன். படிச்சுட்டுச் சிரிச்சேன். முதலாளியம்மா என்னன்னு கேட்டாங்க. எனக்குக் கண்ணு சரியாத்தான் தெரியுதாம்னு சொன்னேன். அவங்களுக்கு ஒண்ணும் புரியல.

வீட்டுக்கு வந்ததும் கோவம் வந்துச்சு. எப்பேர்ப்பட்ட கோவம் தெரியுமா? உன் கல்யாண போட்டோவை எடுத்துப் பீரோவுக்குப் பின்னாடி போட்டுட்டேன். பக்கத்து நாற்காலியில உட்கார்ந்திருந்தியேடி! கையை நீட்டினா தொட்டிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. உன்னைத் துரத்த வந்திருந்தா நான் குறுக்க நின்னிருப்பேன், அது உனக்குத் தெரியாதா? அதைத்தான் என்னால தாங்க முடியல. தப்பு பண்ணதை விட அது.

உங்கண்ணனும் படிச்சாரு. உடனே கிளம்பறேன், அவளை நாலு கேள்வி கேக்கணும்னு சட்டையை மாட்டினாரு. இது எனக்கும் அவளுக்கும் உள்ள விஷயம், நீங்க சட்டையைக் கழட்டுங்கன்னு சொல்லிட்டேன். அதனால அவர் போன் பண்ணாலும் எடுக்காதே. இத்தனை நாள் அவர் எடுக்காம இருந்ததுக்குச் சரியாப் போகட்டும்.

உனக்குத் தெரியாத ஒண்ணு சொல்றேன். இந்த எட்டு வருஷமா நான் ஒவ்வொரு ஜன்னலையும் மூணு தடவை அளக்கறேன். அளந்துட்டு, படியில இறங்கினப்புறம் மறுபடி ஏறறேன். கடைக்குப் போற வழியில பாதி தூரத்துல திரும்பிப் போய்க் கதவைத் தட்டி, இன்னொரு தடவை அளந்துக்கட்டுமான்னு கேட்டிருக்கேன். சம்பளச் சீட்டை ரெண்டு தடவை படிப்பேன். மாத்திரை அட்டையை உங்கண்ணன்கிட்ட கொடுத்துப் படிக்கச் சொல்லுவேன். எட்டு வருஷம் என் கண்ணையே நான் நம்பலை. அந்த மீட்டிங்ல திரையைப் பார்த்தப்ப, நான் பார்த்தப்ப வேற மாதிரி இருந்துச்சேன்னு உள்ளுக்குள்ள ஒரு குரல் சொல்லுச்சு. அதைப் போடி பைத்தியம்னு அடக்கினவ நான்.

போன வாரம் ஒரு மாடி வீட்டுக்குப் போனேன். பெரிய ஜன்னல், கூடத்துக்கு. ஒரு தடவை அளந்தேன். எழுதினேன். டேப்பைச் சுருட்டிப் பையில போட்டுட்டு வந்துட்டேன். நேத்து திரை மாட்டினாங்க, கச்சிதமா உட்கார்ந்துச்சு. தெருவுல நின்னு நான் அழுதேன். வெக்கமா இருந்துச்சு, ஆனா நல்லா இருந்துச்சு.

அதனால உனக்கு நன்றி சொல்றேன். மனசாரச் சொல்றேன். நீ வாயை மூடிக்கிட்டே இருந்திருந்தா நான் சாகற வரைக்கும் அப்படியே இருந்திருப்பேன். எழுந்து நின்னு சொல்றது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். ஆனா மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே. நன்றி வேற, மன்னிப்பு வேற. அது வர்றப்ப வரும், நீ கேட்டுக்கிட்டே இருக்காதே.

ஜனவரியில வர்றேன். பரிதாபப்பட்டு வரலை. அது என் வேலை, நான் நல்லாச் செஞ்ச வேலை, எனக்குத் திரும்ப வேணும். முதலாளியம்மாகிட்ட சொல்லிட்டேன், நல்லா இருன்னு சொல்லி ஒரு டேப் வாங்கிக் கொடுத்தாங்க.

ஒரு நிபந்தனை. முதல் நாள் வகுப்புல அந்த ஆஸ்பத்திரி வராந்தாவைத் திரையில போடு. யார் மாத்தினது, யார் மேல பழி விழுந்துச்சு, பக்கத்துல யார் உட்கார்ந்திருந்தாங்க, எல்லாத்தையும் பிள்ளைங்களுக்கு நீயே சொல்லு. நான் பின்னாடி பெஞ்சுல இருப்பேன். நடுவுல எழுந்து பரவாயில்லைம்மானு எல்லாம் சொல்லமாட்டேன், எதிர்பார்க்காதே. நீ முடிச்சதும் உட்காரு. அதுக்கப்புறம் பாடத்தை நான் எடுக்கறேன்.

ஜனவரி நாலாம் தேதி காலையில ஏழு மணிக்கு பஸ் வரும். மாணவங்களை அனுப்பாதே, நீயே வந்து நில்லு. பெட்டியைப் பிடிச்சுக்கிட்டு வா, வீடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசாதே.

அண்ணி